சாங்கி – ஜேஎஃப்கே தூரம்: மூன்று இடத்தில் மூன்று கணக்கு, எது சரி?

எக்செல்கை (கேள்வி)
சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று எக்செலில் போட்டால் 15,340 கி.மீ. வருகிறது. தூரம் சொல்லும் தளத்தில் 15,348. விமானத்தைப் பின்தொடரும் செயலியில் பறந்த தூரம் 16,000-ஐத் தாண்டுகிறது. பூமியின் ஆரம் 6,371 வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

அட்சரேகை
தப்பே இல்லை. 6,371 வைத்தாலே பூமி உருண்டைப் பந்து என்று ஆகிவிடும். நிஜத்தில் துருவங்களில் சப்பை. உங்கள் பாதை வடதுருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. பக்கத்தில் போகிறது. சப்பையான இடத்தில் வளைவு குறைவு, அதனால் அங்கே ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111.7 கி.மீ.; நடுக்கோட்டில் 110.6 தான். கூடுதல் 8 கி.மீ. வந்த வழி அதுதான். துல்லியம் வேண்டுமானால் டபிள்யூஜிஎஸ்-84 நீள்கோளத்தில் (ஜிபிஎஸ் பயன்படுத்தும், துருவங்களில் சப்பையான பூமி வடிவம்) கணக்கிடுங்கள். அந்த வடிவத்தில் தூரம் காணும் வின்சென்டி முறை இதற்குப் போதும். ஆனால் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் புள்ளிகளில் அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அங்கே இதே வேலைக்கான கார்னி முறைதான்.

சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மட்டும் அளக்காதீர்கள். பல சுவர் வரைபடங்களில் நேர்கோடு என்றால் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போவது; அப்படிப் போனால் இதே பயணம் ஏறக்குறைய 18,500 கி.மீ.

எக்செல்கை
நன்றி. இன்னொன்று: முதலில் போட்டபோது 5,321 கி.மீ. வந்தது. மறுபடி தட்டச்சு செய்ததும் சரியாகிவிட்டது. ஏன் என்று புரியவில்லை.

நாட்டிக்கல்
73.7789-க்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். ஜேஎஃப்கே மேற்கு தீர்க்கரேகை. குறி இல்லாவிட்டால் நீங்கள் கிர்கிஸ்தானில் இறங்கிவிட்டீர்கள்!

இதைவிட மோசம், பார்த்தால் தெரியாத தப்பு: 40 டிகிரி 38 நிமிடத்தை 40.38 என்று எழுதுவது. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், 40.63 வரும். விட்டால் 28 கி.மீ. பிசகும், விடை நம்பும்படியாகவே இருக்கும். எக்செலின் சைன், கோசைன் எல்லாம் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறு அலகில் எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மைல் என்று பார்த்தால் எந்த மைல் என்று கேளுங்கள்: விமானிக்கு 1.852 கி.மீ., சாலை மைல் 1.609.

எதிர்க்காற்று
செயலி காட்டும் 16,000 தனிக் கதை. அது உண்மையில் பறந்த தடம். குறுக்குவழியை விடக் காற்றுதான் முக்கியம். காற்றில்லாத வேகம் மணிக்கு 900, எதிர்க்காற்று 60 என்றால் தரைவேகம் 840. 15,348 கி.மீ. கடக்க 18.3 மணி நேரம், அதாவது காற்றில் 16,440 கி.மீ. பறந்த எரிபொருள். அதே 60 பின்காற்றானால் 14,390-க்கான எரிபொருள் போதும். அதனால் பின்காற்று கிடைக்குமென்றால் சில நூறு கி.மீ. சுற்றிப் போவதே லாபம்.

மூடிய வான்வெளியும் உண்டு. ஹெல்சிங்கி – டோக்கியோ வரைபடத்தில் 7,800 கி.மீ. அளவுதான். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் 9 மணி நேரப் பயணம் 13 ஆனது.

எரிபொருள் அல்லது நேரம் கணக்கிட வேண்டுமா, அல்லது இரண்டு ஊர்களை ஒப்பிட மட்டுமா? ஒப்பிட என்றால் உங்கள் 15,340 போதும்.