போதைப்பொருள் வழக்குகள்: ஒருநாள் வகுப்பில் எதற்கு முதலிடம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் உட்கோட்டத்தில் புதிதாகச் சேர்ந்த உதவி ஆய்வாளர்களுக்குப் போதைப்பொருள் வழக்குகள் குறித்து ஒருநாள் வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பொருளை அடையாளம் காண்பதற்கு அதிக நேரம் ஒதுக்குவதா, சட்ட நடைமுறைக்கு ஒதுக்குவதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நடைமுறைக்கே ஒதுக்குங்கள், ஐயா. பிடிபட்டது கஞ்சாதானா என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் ஆளின் உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதனை கோரும் உரிமை அவருக்கு உண்டு என்பதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 50-ஆம் பிரிவின்படி தெரிவிக்காமல் விட்டால், ஆய்வக அறிக்கை கைவசம் இருந்தும் வழக்கு நிற்பது கடினம். மாதிரி எடுப்பதும் 52ஏ பிரிவின்படி நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டியது. பிடித்த இடத்திலேயே மாதிரி எடுத்துப் பொட்டலம் கட்டி அரக்கு வைக்கும் பழைய பழக்கம் பலரை இன்னும் விடவில்லை.

பதில் 2:
அரசு வழக்கறிஞர் தரப்பிலிருந்து ஒன்று. தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், விசாரணை அலுவலர் 67-ஆம் பிரிவின்கீழ் பெறும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்த இயலாது. ஆகவே செல்பேசிப் பதிவு, பணப் பரிமாற்றம், கூரியர் ரசீது ஆகியவற்றைப் பின்தொடரக் கற்றுக்கொடுங்கள்.

பதில் 3:
மாத்திரைகளை மறந்துவிடாதீர்கள். டிரமடால் என்ற வலிநிவாரணி 2018-இல் இச்சட்டத்தின்கீழ் வந்த பின், மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் டாபென்டடால் என்ற இன்னொரு வலிநிவாரணியின் பக்கம் திரும்பியது. மாத்திரை அட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணைப் படமெடுத்து மருந்து ஆய்வாளரிடம் கொடுத்தால், அது எந்த மொத்த விற்பனையாளரிடமிருந்து வெளியேறியது என்பது வரை போகலாம்.