முனைவரிசை: மின்வழங்கி இணைப்பிகளுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கணினி பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். பாடக்குறிப்பு முழுக்கத் தமிழில்தான். தாய்ப்பலகை (மதர்போர்டு), மின்வழங்கி (பவர் சப்ளை), இணைப்பி (கனெக்டர்) எல்லாம் பிள்ளைகள் வாயில் சரளமாக வந்துவிட்டன. பின்அவுட் (pinout) என்பதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ஓர் இணைப்பியில் எந்த இடத்தில் எந்த மின்னழுத்தம் வருகிறது என்ற ஒழுங்கைத்தான் சொல்கிறேன்.

இந்தச் சொல் இல்லாமல் பாடத்தின் முக்கியமான பகுதியையே நடத்த முடியவில்லை. "செருகினா ஏறுதே சார், அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். ஏறினால் மட்டும் போதாது என்பதை எப்படிப் புரியவைப்பது? 1990களின் பிற்பகுதியில் வந்த டெல் கணினிகள் சிலவற்றில் இருந்த இணைப்பி, பார்வைக்கு அப்படியே ஏடிஎக்ஸ் 20தான், அதாவது தாய்ப்பலகைக்கு மின்சாரம் தரும் 20 துளைப் பொதுத்தர இணைப்பி. உள்ளே கம்பிகள் இடம் மாறியிருக்கும். கடையில் வாங்கிய மின்வழங்கியை அதில் மாட்டினால் பலகையோ மின்வழங்கியோ போய்விடும். இன்று கழற்றி மாட்டும் கம்பிகளிலும் அதே ஆபத்து உண்டு. பலகைப் பக்கம் பொதுத்தரப்படி இருக்கும்; மின்வழங்கிப் பக்கம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. பழைய மின்வழங்கியின் கம்பியைப் புதியதில் செருகி, 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் வன்தட்டு கருகிவிடும்.

செயலிக்குப் போகும் எட்டுத் துளை இணைப்பியும் வரைகலை அட்டைக்குப் போகும் எட்டுத் துளை இணைப்பியும்கூட அப்படித்தான். முன்னது 4+4 ஆகப் பிரியும், பின்னது 6+2. ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் பக்கம் மற்றதில் புவிக்கம்பி (கிரவுண்ட்). துளைகளின் வடிவம் மாற்றிச் செருகவிடாமல் தடுக்கும், ஆனால் முரட்டுக் கைக்கு அது போதாது.

ஐயா முன்பு 'ஊசியடைவு' என்றார்கள். அழகான சொல்தான். ஆனால் ஊசி இருப்பது பலகையில். கம்பியின் நுனியில் இருப்பவை துளைகள். 'முனைய அமைப்பு' என்றால் நம் ஊரில் பேருந்து முனையமும் விமான முனையமும்தான் நினைவுக்கு வரும். முனை என்பது இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருகிறது. தாய்ப்பலகை இணைப்பிக்கு அன்று 20 முனை, இன்று 24 முனை என்று எண்ணவும் எளிது. எனவே 'முனைவரிசை' என்று வைக்கலாமா?

—

தம்பிக்கு வணக்கம்.

துளை பற்றிச் சொன்னது சரி, ஊசியை விட்டுவிடுகிறேன். வரிசை என்றால் ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கை மட்டும்தானே, எதில் என்ன வருகிறது என்பது அதில் இல்லையே? 'முனைப்பங்கீடு' எப்படி?

—

ஐயா, பங்கீடு என்றதும் அரிசியும் சீனியும் நினைவுக்கு வருகின்றன. எண்ணிக்கையிலிருந்துதான் பிள்ளைகள் தொடங்கவும் வேண்டும். மின்வழங்கியை இயக்கும் பச்சைக் கம்பி 20 முனையில் 14ஆவது, 24 முனையில் 16ஆவது. எண்ணத் தெரியாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

—

அப்படியென்றால் முனைவரிசையே இருக்கட்டும், தம்பி. படம் வரையும்போது செருகும் பக்கமிருந்து பார்த்ததா, கம்பிப் பக்கமிருந்து பார்த்ததா என்று ஒவ்வொன்றிலும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இடவலம் மாறிவிடும்.