வலது இண்டிகேட்டர் போட்ட லாரிக்குப் பின்னால்

இருவழிச் சாலையில் முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. வலப்பக்கம் திரும்பலாம். முன்னால் ஊர்கிற டிராக்டரை ஏற, அதாவது முந்த, போகலாம். ‘எதிரில் வண்டி வருது, பொறு’ என்று சொல்லலாம். ‘வலப்பக்கமா ஏறிப் போ’ என்று வழி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசியதை நம்பி ஏறுகிறவர்தான் முதலாவதில் மாட்டுவார். பிரேக் லைட் எரிகிறதா, வண்டி நடுக்கோட்டுப் பக்கம் சாய்கிறதா, வலப்பக்கம் கிளைச்சாலையோ பெட்ரோல் பங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹாரன் அடித்து, ஹெட்லைட்டைச் சிமிட்டி ஒரு டிப் கொடுங்கள். லாரி இடப்பக்கம் ஒதுங்கி, எதிர்ச்சாலையும் காலியாகத் தெரிந்தால் ஏறலாம். லைட் மட்டும் போதாது.

*

நாலுவழிச் சாலையில் கணக்கே வேறு. 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறோம். பல கார்களில் இண்டிகேட்டர் லிவரை லேசாகத் தட்டினால் மூன்று முறை சிமிட்டி அணைந்துவிடும். சுமார் இரண்டு வினாடிதான். பின்னால் வருகிறவர் கண்ணில் படுவதற்குள் முடிந்துவிடுகிறது. லிவரை முழுசாகப் போட்டு, ஆறேழு சிமிட்டல் விட்டு, சைடு மிரரை மறுபடி பார்த்து, தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்த பிறகு லேன் மாறுங்கள். அப்போது ஸ்டீயரிங் கொஞ்சமே திரும்புவதால் இண்டிகேட்டர் தானாக அணையாது. கையால்தான் அணைக்க வேண்டும்.

மெயின் ரோட்டிலிருந்து இடப்பக்கம் இறங்கும்போது இண்டிகேட்டரைச் சீக்கிரம் போடுவதும் ஆபத்து. இறங்குவதற்கு அடுத்தடுத்து இரண்டு திறப்பு இருந்து, நீங்கள் இரண்டாவதில் இறங்குவதாக இருந்தால், முதலாவதைத் தாண்டிய பிறகு போடுங்கள். இல்லையென்றால் முதல் திறப்பில் காத்திருக்கிற பைக்காரர், நீங்கள் அங்கேயே இறங்குவதாக நினைத்து மெயின் ரோட்டில் ஏறிவிடுவார்.

*

ஜங்ஷனில் நேராகப் போக நாலு இண்டிகேட்டரும் (ஹசார்டு) போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கச் சாலையில் நிற்கிறவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். இடப்பக்கம் நிற்கிறவர், இடது இண்டிகேட்டர் எரிகிறது, நம் பக்கம்தான் திரும்புகிறார் என்று தைரியமாக நுழைவார். மழையில் ஓடிக்கொண்டே ஹசார்டு போட்டாலும் இதே கதை. பல வண்டிகளில் அதோடு தனி இண்டிகேட்டர் வேலையே செய்யாது. மழைக்கு ஹெட்லைட் லோ பீம் போதும். ஹசார்டு, பழுதாகி நிற்கிற வண்டிக்கு.

*

வண்டிப் பக்கமும் ஒரு விஷயம். ஒரு பக்கம் மட்டும் ‘டிக்டிக்’ வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். 21 வாட்ஸ் பல்பு ஒன்று போனதும் கரண்ட் இழுப்பு குறையும், இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற ரிலே அவசரப்படும். சாதாரண பல்புக்குப் பதில் எல்இடி மாட்டினாலும் இதே கோளாறு வரும். எல்இடிக்கான ரிலே போட்டால் பெரும்பாலும் சரியாகும். பிரேக் மிதித்ததும் பின் இண்டிகேட்டர் மங்கினால் பல்பை மாற்றிப் பயனில்லை, பெரும்பாலும் பின் லைட்டின் எர்த்தில், அதாவது வயர் வண்டி பாடியோடு சேருகிற இடத்தில், துரு ஏறியிருக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாக முடுக்குங்கள்.