மொட்டை மாடியில் ஒரு மணி நேரம்: ஃபிரெடி மெர்குரியின் எந்த மேடையைக் காட்டுவது?

பெரம்பூர் கேசட்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் 24, குயீன் என்ற பிரிட்டன் ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் நினைவு நாள். அன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை ப்ரொஜெக்டரில் அவருடைய மேடைகளைக் காட்டலாம் என்றிருக்கிறேன். பார்க்க வருவது பையன்கள் எட்டுப் பேர். மூன்று பேர் புளியந்தோப்புப் பக்கம் கானா பாடுகிறவர்கள், ஒருவன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறான், மற்றவர்கள் ஃபுட்பால். ஒருவனுக்கும் ஃபிரெடியைத் தெரியாது. காலை இரண்டு முறை தரையில் உதைத்து ஒரு கைத்தட்டுத் தட்டும் அந்தத் தாளம் மட்டும் தெரியும், கிரிக்கெட் மேட்ச்சில் கேட்டிருக்கிறார்கள். கீழ் வீட்டுப் பெரியவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். எனக்குக் கிடைப்பது எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும்.

எதைக் காட்டுவது, எதை விடுவது? யாரைக் கேட்டாலும் 1985 லைவ் எய்ட் கச்சேரி என்கிறார்கள். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் அது மட்டுமே ஃபிரெடி என்றால் மனசு ஒப்பவில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதைத் தேடுகிறேன் என்று புரியும். அப்பா ஐ.சி.எஃப்.பில் வெல்டர். 1993-ல் பர்மா பஜாரில் ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தார். கூடவே, கடைக்காரர் சும்மா கொடுத்த ஒரு கேசட். எந்த ஊர்க் கச்சேரி என்று அட்டையில் ஒன்றுமில்லை. 1986 ஜூலையில் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் கிட்டார் மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு பாட்டு வரும். பாதியில் பாடகர் சட்டென்று நிறுத்திவிடுவார். முதல் தடவை கேட்டபோது டேப் சிக்கிவிட்டது என்று பதறிப்போய் பொத்தானை அமுக்கி, கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடி போட்டேன். திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தினார். இந்தத் தடவை விட்டுக் கேட்டேன். தூரத்தில் கடல் மாதிரி ஒரு இரைச்சல். அது ஆயிரக்கணக்கான பேர் அவருக்குப் பதிலாக அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிற சத்தம்.

எனக்குப் பதினைந்து வயது. அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டபோதே, அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பாட்டைக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற அந்த ஃபிரெடியைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். உங்கள் தேர்வைச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை ட்ரம்ஸ்:

அண்ணே, மனசு ஒப்பவில்லை என்றாலும் லைவ் எய்ட்தான். இருபத்தொரு நிமிஷம், ஒரு நொடிகூட வெட்டாமல் போடுங்கள். 1985 ஜூலை 13, வெம்ப்ளியில் 72,000 பேர். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த கச்சேரி, குயீனுக்கென்றே டிக்கெட் வாங்கிய கூட்டம் இல்லை. சாயங்காலம் ஏழு மணிகூட ஆகாத நல்ல வெளிச்சம். புகை, லைட் எதுவும் எடுபடாது. கல்யாண மேடைகளில் வாசிக்கிறவன் நான், வெளிச்சத்தில் கூட்டத்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எல்லார் முகமும் தெரியும், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதும் தெரியும்.

ஃபிரெடி என்ன செய்தார்? பியானோவில் உட்கார்ந்து தன் பெரிய பாட்டான 'போஹீமியன் ராப்சடி'யைத் தொடங்கி, அந்த ஆபெரா பகுதி வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். அடுத்து 'ரேடியோ கா கா'. ட்ரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர் எழுதிய பாட்டு. பல்லவியில் தலைக்கு மேல் கையைத் தூக்கி இரண்டு தட்டு. ஸ்டேடியத்தின் கடைசி வரிசை வரைக்கும் அந்த இரண்டு தட்டு ஒரே நேரத்தில் விழுகிறது. சத்தம் பின்வரிசைக்குப் போய்ச் சேர நேரம் ஆகும் என்பதால், கூட்டம் பெருகப் பெருகத் தாளம் பிசகத்தான் செய்யும். அதனால் அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் அவர் 'ஏ...ஓ' என்று பாட, கூட்டம் அதையே திருப்பிப் பாடுவது. வாத்தியம் எதுவும் இல்லை. பாட்டும் இல்லை. ஒரு மனிதனும் கூட்டமும் மட்டும். உங்கள் கானா பையன்களுக்கு இதை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. இது தானாக நடந்த அதிசயம் இல்லை. ஷா தியேட்டரில் உட்கார்ந்து நிமிஷக் கணக்குப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். அதையும் பையன்களிடம் சொல்லுங்கள்.

வியாசை நீலம்:

தோழர் ட்ரம்ஸ் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் லைவ் எய்டைக் காட்டினால், அதற்கு ஒன்பது மாதம் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

1984 அக்டோபரில் குயீன் குழு தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பாடியது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தது, மண்டேலா சிறையில். அங்கே போய்ப் பாடாதீர்கள் என்று ஐ.நா. சொல்லியிருந்தது. போனார்கள். ஃபிரெடியின் தொண்டை கட்டிக்கொண்டு சில நாள் கச்சேரிகள் ரத்தாயின. ஊர் திரும்பியதும் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. அரசியல் எங்களுக்கு இல்லை, ரசிகர்களுக்காகப் போனோம் என்றார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படமும் இருக்கிறது, ஃபிரெடி படமும் இருக்கிறது. ஜான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன், பெயர் ஃபரோக் புல்சாரா. மகாராஷ்டிராவில் பஞ்சகனி ஹாஸ்டலில் வளர்ந்தவர். லண்டனில் வெள்ளைக்காரர்கள் நடுவே வேறு நிறத்தோடு நின்றவர். அவர் அங்கே போயிருக்கக் கூடாது. எனக்கு இன்றும் அது வலிக்கிறது. நேசிக்கிறவரின் தப்பை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மேயும் ரோஜரும் 2003-ல் கேப் டவுனில் மண்டேலாவின் எய்ட்ஸ் கச்சேரியில் நின்று வாசித்தார்கள். ஃபிரெடி அதற்கு இல்லை.

என் தேர்வு 1981, பிரேசிலின் சாவோ பாவ்லோ. மொரும்பி மைதானத்தில் ஒரே ராத்திரியில் 1,31,000 பேர். இங்கிலீஷ் பேசாத ஊர், பாட்டைப் பாடுவதோ மொத்தக் கூட்டம்.

பெரம்பூர் கேசட்காரன்:

ட்ரம்ஸ் தம்பி, வெட்ட மாட்டேன், சரி. நீலம், நீங்கள் சொன்னதைக் கட்டாயம் பையன்களிடம் சொல்கிறேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன், அது தப்பு.

என் பக்கத்திலிருந்து ஒன்று. 1981, கனடாவின் மான்ட்ரியல். நவம்பர் 24, 25 இரண்டு ராத்திரியும் சினிமா ஃபிலிமில் எடுத்தார்கள். அவர் இறந்த தேதிக்குச் சரியாகப் பத்து வருஷம் முன்பு. மற்ற மேடைகளில் அவரைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். இங்கே கேமரா பக்கத்திலேயே நிற்கிறது. 'சம்படி டு லவ்' பாடும்போது பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கழுத்து நரம்பு தெரிகிறது. உச்சத்துக்குப் போகிற நேரத்தில் வாயைத் திறக்கும்போது அந்தத் துருத்திய முன்பற்கள் தெரிகின்றன. வாயில் நாலு பல் கூடுதலாக இருந்ததால்தான் அந்தத் துருத்தல். குரல் மாறிவிடுமோ என்ற பயத்தில் கடைசிவரை சரிசெய்யவே இல்லை. பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூச்சப்பட்டவர், பாடும்போது மட்டும் அதை மறந்தே போய்விடுகிறார். எங்கள் கீபோர்டு பையனுக்கும் பல் அப்படித்தான். அவனுக்காகவே இதை முதலில் போடுகிறேன்.

தண்டையார்பேட்டை அக்கா:

தம்பி, நான் ஒரு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு ராக் இசை பெரிதாகத் தெரியாது. என் மகன் அவரைப் பற்றி 2018-ல் வந்த படத்துக்குக் கூட்டிப் போனான், அப்புறம் நானே தேடித்தேடிக் கேட்டேன்.

படம் பார்த்த பையன்கள் யாராவது வந்தால் ஒன்றைத் திருத்துங்கள். லைவ் எய்ட் மேடை ஏறும்போது தனக்கு எய்ட்ஸ் நோய் இருப்பது அவருக்குத் தெரியும் என்று படத்தில் வரும். கூடவே வாழ்ந்த ஜிம் ஹட்டன் எழுதியபடி, தெரிந்தது 1987-ல். குழு பிரிந்து கிடந்து அந்த மேடைக்காகத் திரும்பச் சேர்ந்தது என்பதும் சினிமாவுக்காக. 1985 மே வரை அவர்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். லைவ் எய்டுக்கு இரக்கம் தேவையில்லை தம்பி. நோய் இருப்பது தெரியாத காலத்தில், முழுக் குரலோடு பாடியது அது.

நோயோடு பாடியதைக் காட்ட வேண்டுமென்றால் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' போடுங்கள். நிற்கவே சிரமப்பட்ட காலம். இந்த உச்சத்தை இவரால் எட்ட முடியுமா என்று பிரையன் மே பயந்தாராம். இவர் வோட்காவை ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பாடி முடித்துவிட்டார். நுரையீரல் தளர்ந்த நோயாளிகளை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கும். அந்தப் பாட்டில் அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனித்துக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

1991 மே மாதம் எடுத்த கடைசி வீடியோ ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். பூனைப் படம் போட்ட வெயிஸ்ட்கோட், முகத்தில் கனத்த மேக்கப். மேடையில் ஓடிக்கொண்டே இருந்தவர் அதில் நகரவே இல்லை. என் வார்டில் அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோயின் பெயரைப் பையன்களிடம் சொல்லாமல் விடாதீர்கள். அவர் 1991 நவம்பர் 23 அன்றுதான் ஊருக்குச் சொன்னார், மறுநாள் போய்விட்டார். அவர் வெம்ப்ளியிலும் புடாபெஸ்டிலும் பாடிய அதே 1986-ல்தான் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். சென்ட்ரல் பக்கத்தில், நீங்கள் தினமும் கடக்கிற இடம். கூட்டு மருந்து 1996 வாக்கில் வந்தது. நம் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004-ல். இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரையும்போல வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லுங்கள் தம்பி.

கொருக்குப்பேட்டை ட்ரம்ஸ்:

அக்கா, மூச்சு எடுக்கிற இடம் பற்றி நீங்கள் சொன்னதும் போய்க் கேட்டேன். இருபது வருஷமாகக் கேட்கிற பாட்டு. இன்றைக்குத்தான் கேட்ட மாதிரி இருக்கிறது.

கேசட்காரன் அண்ணே, அக்கா புடாபெஸ்ட் என்றதும் ஞாபகம் வந்தது. பாட்டைக் கொடுக்கிற ஃபிரெடி வேண்டும் என்றீர்களே, 1986 ஜூலை 27-ஐப் பாருங்கள். ஹங்கேரிக்காரர்களின் நாட்டுப்பாட்டு ஒன்றை அவர்கள் மொழியிலேயே பாடுவார்.

பெரம்பூர் கேசட்காரன்:

நடந்து முடிந்தது. சொல்கிறேன்.

ஏழரைக்கே தூறல். கார்த்திகை மாசம், எதிர்பார்த்ததுதான். வேட்டியை அவிழ்த்துக்கொண்டு மாடிப்படி முடிகிற அந்தச் சின்ன அறைக்குள் புகுந்தோம். தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் ஒன்பது பேரும் உள்ளே. சுண்ணாம்புச் சுவரிலேயே படம். மெர்குரி முகத்துக்குக் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

மான்ட்ரியல் முதலில். கீபோர்டு பையன் வாயைத் திறக்கவில்லை, விரல் மட்டும் முழங்காலில் வாசித்துக்கொண்டிருந்தது. ஏன் அரைக் கம்போடு மைக் வைத்திருக்கிறார் என்று ஒருவன் கேட்டான். ஆரம்ப நாட்களில் மேடையில் ஸ்டாண்ட் பாதியில் கழன்று கையோடு வந்துவிட, அதையே வைத்துக்கொண்டார் என்றேன். அடுத்து சன் சிட்டி. நீலம், அமைதியாகக் கேட்டார்கள். "அப்புறம் மன்னிப்பு கேட்டாரா ணா?" என்றான் ஒருவன். ஃபிரெடி கேட்டதாக நான் எங்கேயும் படித்ததில்லை என்றேன். அக்கா சொன்னதையும் சொன்னேன், ஒன்றும் விடாமல்.

லைவ் எய்டுக்கு அந்த அறையில் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். 'ஏ...ஓ' வந்ததும் எட்டுப் பேரும் பதில் கொடுத்தார்கள், மோட்டார் தகரம் அதிர்ந்தது.

அப்புறம் புடாபெஸ்ட். நெப்ஸ்டேடியன். கம்யூனிஸ்ட் நாட்டு ஸ்டேடியத்தில் மேற்கத்திய ராக் கச்சேரி என்பதே அன்று பெரிய விஷயம். பிரையன் கிட்டாரோடு பக்கத்தில். வசந்தக் காற்று வெள்ளத்தைக் கொண்டுவருகிறது என்று தொடங்கும் பழைய பாட்டு. ஃபிரெடி இடது கையை மேலே கொண்டுவந்து உள்ளங்கையைப் பார்க்கிறார். வரிகளை அதில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வரி பாடுகிறார், கையைப் பார்க்கிறார், அடுத்த வரிக்குள் மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

"நிறுத்து ணா, பின்னாடி போ," என்றான் புளியந்தோப்புப் பையன் ஒருவன். மரண கானா பாடுகிறவன். தன் உள்ளங்கையை ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நீட்டினான். நீல பால்பாயின்ட்டில் ஐந்தாறு பெயர்கள், வியர்வையில் பாதி கலைந்திருந்தன. அன்று காலை பாடிவிட்டு வந்த வீட்டில் இறந்தவர் பெயர், சம்சாரம் பெயர், பிள்ளைகள் பெயர், பேத்தி பெயர். "பேர் மாறிடக் கூடாதில்ல ணா. அவங்க வூட்டுப் பாட்டு அது."

அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டினோம். மூன்றாம் தடவை மூன்று கானா பையன்களும், அர்த்தம் தெரியாத அந்த ஹங்கேரிப் பாட்டுக்குத் தொட்டியின் மேல் மெதுவாகத் தாளம் போட்டார்கள். ஒன்பதைத் தாண்டிவிட்டது, கீழ் வீட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா, உங்கள் பாட்டுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோவுக்கும் நேரம் இல்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். உங்களால் முடிந்தால் நீங்களும் வாருங்கள். பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.