ரீசேல் ஃபிளாட்டில் ஓதம்: விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பிப் பயன் உண்டா?

வேளச்சேரிவாசி:
கோடையில் நாலு வருஷப் பழைய ஃபிளாட் ஒன்றை ரீசேலில் வாங்கினேன். பார்க்கப் போனபோது பளபளவென்று புது பெயின்ட். ஐப்பசி மழை பிடித்ததும் ஹால் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. கொப்பளித்த இடத்தைச் சுரண்டினால் தடிமனாகப் புட்டி, அதற்கும் உள்ளே பழைய நீர்க்கறை. விற்றவருக்கு நோட்டீஸ் விடலாமா?

மேஸ்திரி_மகன்:
வேஸ்ட் சார். "நேரில் பார்த்துத் திருப்தியடைந்து வாங்குகிறேன்" என்று கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற காசில் வாட்டர்ப்ரூஃபிங்கே முடிந்துவிடும்.

பத்திரப்புலி:
அவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவைப் படியுங்கள். விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்ணில் படாத முக்கியக் குறையை அவர் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவின் கடைசியில் இருக்கிறது. புட்டிக்குள் இருந்த கறையை யார் பார்க்க முடியும்?

மேஸ்திரி_மகன்:
சட்டம் சரி, அவருக்குத் தெரியும் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? பெயின்டர் பூசினான், எனக்கென்ன தெரியும் என்பார். அதுவரை மழை காத்திருக்குமா?

பத்திரப்புலி:
அதனால்தான் உடைக்கிறதுக்கு முன்னாலேயே நோட்டீஸ் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் திட்டுவது நோட்டீஸ் ஆகாது. எப்போது பார்த்தீர்கள், எந்தச் சுவர், சரிசெய்ய எவ்வளவு ஆகும், வந்து பார்க்க எத்தனை நாள் தருகிறீர்கள், இதெல்லாம் எழுதி, போட்டோவோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் நீங்களே இடித்துப் பூசிவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால், "நான் பார்க்கவே இல்லையே" என்பார், அது நியாயமும்கூட. இன்னொன்று, ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், பதிவான கட்டடம் என்றால் பில்டருக்கும் தனியாக ஒன்று அனுப்புங்கள். அந்தச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் குறையைத் தெரிவித்தால் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். கைமாறி வாங்கியவருக்கும் உரிமை உண்டு. முதல் ஓனருக்குச் சாவி கொடுத்த தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நாள் அதிகம் இல்லை.

வேளச்சேரிவாசி:
அசோசியேஷன் செகரட்டரியிடம் புகார் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விற்றவரே போன வருஷம் "மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து கசிவு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்!

மேஸ்திரி_மகன்:
அப்போ மேல்வீட்டுக்காரர்தானே பொறுப்பு? அவர் பாத்ரூம் சங்கன் ஸ்லாபை (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தை) சரிசெய்யாமல் நீங்கள் கீழே எத்தனை கோட்டிங் அடித்தாலும் நிற்காது. இவரோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்?

பத்திரப்புலி:
தம்பி, கசிவை நிறுத்துவது மேல்வீட்டார் வேலை, அவரிடமும் பேசட்டும். தெரிந்தே மறைத்து விற்றதற்கு இவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட நிரூபணம் இவர் கையெழுத்திலேயே கிடைத்துவிட்டதே. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, செகரட்டரியிடம் சான்றொப்பமும் வாங்கிவிடுங்கள் சார்.

மேஸ்திரி_மகன்:
அந்த நோட்டு இருப்பதால் நோட்டீஸ் விடுங்கள், சரி. கேஸுக்குப் போகச் சொல்ல எனக்கு இன்னும் மனசில்லை.