அம்மம்மாவின்ரை பேரப்பிள்ளையள் குறூப் (கனடா)

தீபன்: இண்டைக்கு இரவு ஃப்ரொஸ்ட் (உறைபனி) வருமாம். எங்கடை மார்க்கம் சிற்றிப் பக்கம் 0 டிகிரி எண்டு காட்டுது

பெரியம்மா: ஐயோ கறிவேப்பிலை இன்னும் டெக்கிலை நிக்குது. இந்த முழங்காலோடை அந்தச் சாடியை என்னாலை அசைக்கேலாது ஆராவது வாங்கோ

சுதா: செப்டம்பரிலையே சொன்னன் உள்ளுக்கு எடுங்கோ எண்டு

பெரியம்மா: சொன்னனீ. வந்தனீயே

குஞ்சியம்மா: 😂😂

பபா மாமா: இரவிலை 10 டிகிரிக்குக் கீழை போகத் தொடங்கேக்கையே எடுத்திருக்கோணும், சரி அதை விடுங்கோ. இண்டைக்குக் கராஜுக்குள்ளை மட்டும் இழுத்து விடுங்கோ, நேரை ஹோலுக்குள்ளை கொண்டுபோகாதேங்கோ. நாளைக்கு பாத் டப்பிலை வைச்சு இலையின்ரை அடிப்பக்கம் நல்லாக் கழுவோணும். தண்டிலை மண்ணிறத்திலை பொட்டுப் பொட்டா ஒட்டியிருந்தா அது செதில் பூச்சி, நகத்தாலை சுரண்டி எடுத்துப்போட்டு சோப்புத் தண்ணி அடியுங்கோ. வெளியிலை எண்டா அதைத் தின்ன வேறை பூச்சியள் இருக்கு, வீட்டுக்குள்ளை ஒண்டும் இல்லை, விட்டா எல்லாச் சாடிக்கும் பரவியிடும். தெற்குப் பக்க யன்னல்தான் நல்லது, ஹீட் வென்ட்டுக்குக் கிட்ட வேண்டாம்

தீபன்: மாமா ஆர் தூக்கிறது?

பபா மாமா: எனக்கு நாரிப் பிடிப்பு

சுதா: உங்களுக்கு எப்பவும் தூக்கிற நேரத்திலைதான் நாரி

குஞ்சியம்மா: சனிக்கிழமை சாமத்திய வீட்டுக்கு ரோல்ஸ் ஆர் ஓடர் குடுத்தது?

சுதா: நான் இல்லை

சின்னத்தான்: கடையிலை ஒரு பக்கெட் கறிவேப்பிலை வாங்கினா முடிஞ்சுது, இதுக்கு இவ்வளவு கதையே

பெரியம்மா: அப்ப சோறையும் கடையிலை வாங்கும்

பெரியம்மா: பபா போன வருசம் ஜனவரியிலை முழு இலையும் கொட்டி வெறும் தடியா நிண்டது. இவன் தீபன் எறியப் பாத்தவன்

தீபன்: செத்துப்போச்சு எண்டு நினைச்சன்

பபா மாமா: சாகேல்லையடா அது உறங்குது, மாரியிலை வெளிச்சம் காணாது அதுதான். தண்டை லேசாச் சுரண்டிப் பார், உள்ளுக்குப் பச்சை எண்டா உயிர் இருக்கு. ஆனா இலை கொட்டினவுடனை எல்லாரும் பாவம் எண்டு தண்ணியை ஊத்திறது, அதுதான் வேர் அழுகிச் சாகிறது. மேல் மண் காய்ஞ்சாப் பிறகு விட்டாக் காணும். பசளையும் மார்ச் வரைக்கும் வேண்டாம், புதுத் துளிர் வந்தாப் பிறகு பாப்பம். திரும்ப வெளியிலை வைக்கிறது மே விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்குப் பிறகுதான், அதுவும் முதல் கிழமை நிழலிலை, நேரை வெயிலிலை வைச்சா இலை வெந்துபோகும்

குஞ்சியம்மா: அம்மா இருக்கேக்கை அடியிலை முளைச்ச கண்டு எல்லாருக்கும் குடுத்தவ. எனக்கு மட்டும் இல்லை

பெரியம்மா: உனக்கும் தந்தவ. நீ தண்ணி விட்டே கொண்டுபோட்டாய்

குஞ்சியம்மா: அது அவர் விட்டது

சின்னத்தான்: நான் இதுக்குள்ளை இல்லை

சுதா: மாமா டேலியாப் பூச்செடியின்ரை கிழங்கும் இண்டைக்கே தோண்டோணுமோ

பபா மாமா: இல்லை இல்லை. ஃப்ரொஸ்ட் பட்டு இலை கறுக்கட்டும், பிறகு தண்டை வெட்டிப்போட்டுத் தோண்டிக் காயவிட்டு, பெட்டிக்குள்ளை மரத்தூளுக்குள்ளை புதைச்சு பேஸ்மென்டிலை குளிரான மூலையிலை வையும். ஆனா உறையக் கூடாது

சுதா: பெரியம்மா, கறிவேப்பிலை மரத்தை இந்த மாரிக்கு எங்கடை வீட்டிலை விடுங்கோவன். தெற்கு யன்னல் பெரிசு

பெரியம்மா: பூனை?

சுதா: பூனை கறிவேப்பிலை தின்னாது

பெரியம்மா: மண்ணைக் கிண்டும். வேண்டாம் பாப்பம்

குஞ்சியம்மா: எங்கடை வீட்டிலை பூனை இல்லை

தீபன்: வேலை முடிய 9 ஆகும். வந்து கராஜுக்குள்ளை விடுறன். ஆராவது ஒராள் கூட வாங்கோ தனிய ஏலாது

சின்னத்தான்: 👍

தீபன்: அத்தான் அது வாறதுக்கோ சும்மாவோ

குஞ்சியம்மா: அவர் படுத்திட்டார்

பெரியம்மா: தீபன் வரேக்கை பால் ஒண்டு வாங்கி வா. 2%

சுதா: ரோல்ஸ் 150ஓ 200ஓ? மட்டனோ மீனோ? கடை 8க்குப் பூட்டியிடுவாங்கள்