டிசம்பர் வந்தால் படுத்துவிடும் சர்வர்

சின்னத் தொண்டு நிறுவனங்களில் சர்வரோடு படும் பாட்டை இங்கே ஆளுக்கொன்றாக எழுதுவோம். முதலில் என் கதையைச் சொல்கிறேன். எங்களுடையது ஏழு பேர் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம். நன்கொடைக் கணக்கு, ரசீது, அறிக்கை எல்லாவற்றுக்கும் வேர்ட்பிரஸ் இணையதளத்தோடு, நன்கொடையாளர் விவரங்களைக் கையாளும் சிவிசிஆர்எம் மென்பொருளைப் போட்டிருந்தோம். மென்பொருள் இலவசம், அதனால் ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும், இருப்பதிலேயே மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும் என்று நினைத்தோம். பதினொரு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை.

வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்களுக்குத் தெரியும், அந்த ஆண்டுக் கணக்கை அரசுக்குக் காட்டும் எஃப்சி-4 படிவத்துக்கு டிசம்பர் 31 கடைசி நாள். அந்த மாதம் ஆண்டு அறிக்கையை ஓடவிட்டால் வெறும் வெள்ளைத் திரை. இந்த மென்பொருள்கள் எழுதப்பட்ட பிஹெச்பி மொழி தானாக வைத்திருக்கும் வரம்பு 30 விநாடி ஓட்டம், 128 எம்பி நினைவகம். ஒரு வருடக் கணக்கு அதற்குள் அடங்கவில்லை. ஹோஸ்டிங்காரர்களிடம் கேட்டால் "பெரிய பிளானுக்கு மாறுங்க சார்" என்பதோடு சரி. மாதவாரியாக 12 முறை ஓடவிட்டு, எக்செல்லில் ஒட்டி, ஆடிட்டரிடம் கொடுத்தேன்.

அதைவிடக் கொடுமை பிடிஎஃப். தமிழில் போட்ட அறிக்கையில் ‘செலவு’ எல்லாம் ‘சலெவு’ ஆகியிருந்தது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க, பிடிஎஃப் உருவாக்கும் டாம்பிடிஎஃப் கருவிக்குத் தெரியாது. வேறொரு கருவியை சர்வரில் நிறுவினால் சரியாகும், ஆனால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதற்கு அனுமதி இல்லை. கடைசியில் விபிஎஸ், அதாவது எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் தனி மெய்நிகர் சர்வர், வாடகைக்கு எடுத்தோம். தமிழ் நிமிர்ந்துவிட்டது. அப்டேட், பேக்கப் எல்லாம் என் தலையில். நான் கணக்கு எழுத வந்தவன்!

* * *

அண்ணா, உங்களுக்காவது சர்வர் கையில் இருக்கிறது. களப்பணியாளர்கள் போனில் நிரப்பும் படிவங்களைச் சேர்த்து வைக்கும் ஓடிகே சென்ட்ரல் சர்வரை எங்களுக்கு அமைத்துக் கொடுத்த தம்பி தங்கமானவர், காசு வாங்கவில்லை. டொமைன், சர்வர் இரண்டும் அவருடைய சொந்த மின்னஞ்சலில், அவருடைய கார்டில். வேலை கிடைத்து வெளிநாடு போனார், பழைய கார்டு காலாவதியானது. ஒரு திங்கட்கிழமை காலை களப்பணியாளர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள், "அக்கா, ஃபார்ம் போகவே மாட்டேங்குது". ஒன்பது நாள் படிவங்கள் போன்களுக்குள்ளேயே கிடந்தன. நல்லவேளை, ஓடிகே அவற்றைப் போனில் பத்திரமாக வைத்திருந்தது.

சர்வரை மீட்ட இரண்டாம் மாதம் அதன் வட்டு (டிஸ்க்) நிறைந்து டேட்டாபேஸ் நின்றது. எல்லாம் களப்பணியாளர்கள் படிவத்தோடு அனுப்பிய கழிப்பறைப் படங்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி.

* * *

ஆடிட்டிங் பக்கம் இருந்து ஒன்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அறிக்கை எழுதி அனுப்பும் செலவும் விதிகளின்படி அந்தக் கணக்கில்தான் வரும். விபிஎஸ் வாடகையை ஆண்டுக் கடைசியில் எங்கேயாவது சொருகப் பார்க்காதீர்கள், பட்ஜெட் போடும்போதே ஒரு வரி எழுதுங்கள். நிதி தருகிறவர்கள் அறிக்கை கேட்கிறார்கள், அதைத் தயாரிக்கும் சர்வருக்குக் காசு கேட்டால் முகம் மாறுகிறது. இருந்தாலும் கேளுங்கள்.

* * *

கழிப்பறைப் படம் போட்ட தங்கைக்கு: ஓடிகே படிவத்தை வடிவமைக்கும் எக்ஸெல் கோப்பான எக்ஸ்எல்எஸ்ஃபார்மில், படக் கேள்வியின் பாராமீட்டர்ஸ் (parameters) கட்டத்தில் max-pixels=1024 என்று கொடுங்கள். போனிலேயே படம் சுருங்கிவிடும். டொமைனை அலுவலகப் பொது மின்னஞ்சலுக்கு மாற்றியாகிவிட்டதா?

* * *

மாற்றிவிட்டேன் அண்ணா. பாஸ்வேர்டை எழுதி, செக் புத்தகம் இருக்கும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். பட விஷயம் இன்று மாலை செய்து பார்க்கிறேன்.